முனி வைத்த மஞ்சள்

மாரிமுத்து வீட்டு ஆம்பிளைகளுக்குக் கண்ணிமையின் மேலே, மூக்கை ஒட்டிய பக்கத்தில், ஒரு மஞ்சள் திட்டு வரும். முப்பது வயது கடந்த பிறகுதான் வரும். கடுகளவில் தொடங்கிப் பயத்தம்பருப்பு அளவுக்குத் தடிக்கும். வலி இல்லை, கடி இல்லை. எங்கள் ஜெயபுரத்தில் அதை யாரும் வருத்தம், வியாதி என்று சொன்னது கிடையாது. முனி மஞ்சள் வைத்துவிட்டார் என்றுதான் சொல்வோம். மஞ்சள் வைத்தவன்தான் முனியாண்டிக்குப் பூசாரி. அவன்தான் படையலில் முதல் கை வைப்பான். மற்றவனுக்கு எவ்வளவு பக்தி இருந்தாலும் விறகு சுமப்பதும் கிடாய்க்குத் தண்ணீர் தெளிப்பதும்தான் வேலை.

மஞ்சள் வைத்தவனை முனி கனகாலம் விட்டுவைக்க மாட்டார் என்பதும் ஊருக்குத் தெரியும். மாரிமுத்துவின் தகப்பன் மலையில், தேயிலைத் தோட்டத்தில், கொழுந்துச் சாக்கோடு விழுந்து செத்தவர். மாரிமுத்து எங்கள் ஊரில், பாலை மரத்தடி வயலில், உச்சி வெயிலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றவர் மண்வெட்டியோடு சாய்ந்தார். இருபது வருசத்துக்கு முந்திய கதை, அப்போது அவருக்கு நாற்பத்துநாலு வயது. மூத்த மகன் பாலன் இரண்டு வருசத்துக்கு முன்னால் அதே வயலில், அதே உச்சி வெயிலில் போனான். அவனுக்கு நாற்பதும் ஆகவில்லை. இரண்டு பேரையும் தூக்கியவர்களில் நானும் ஒருத்தன். நெஞ்சைப் பிடித்த கை நெஞ்சிலேயே இருந்தது. முனி அடித்துவிட்டார் என்றது ஊர். பாலை மரத்தடியில்தான் முனியின் சூலம் நட்டிருக்கிறது. அதற்குப் பிறகு வேறு காரணம் யார் தேடப்போகிறார்கள்.

நான் சந்தியில் அரைக்கிற மில் வைத்திருக்கிறேன். மிளகாய், மல்லி, அரிசி, குரக்கன் என்கிற கேழ்வரகு எல்லாம் என் கைக்கு வந்துதான் மாவாகிப் போகும். அதனால் யார் வீட்டுக் குசினியில் என்ன வேகிறது என்பது எனக்கு அந்தந்த வீட்டுக்காரருக்கு முன்பே தெரியும். மாரிமுத்துவின் வீடு மில்லுக்கு நேர் பின்னால். வேலி இருக்கிறது என்றுதான் பெயர், கதை எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடும்.

இப்போது அந்த வீட்டில் இருப்பவர்கள் மாரிமுத்துவின் மனைவி அழகம்மா, இளைய மகன் சுதாகரன், அவன் மனைவி சுமித்திரா. எண்பத்துமூன்று கலவரத்தில் மலையிலிருந்து லொறியில் வந்து, காடு வெட்டிக் குடியேறியவள் அழகம்மா. நாற்பது வருசம் வன்னித் தண்ணீர் குடித்தும் அவள் நாக்கிலிருந்து தோட்டத்துப் பேச்சு போகவில்லை. மெலிந்த உடம்பு. தோட்டத்தில் கத்தரி, மிளகாய் வைத்து அவளே தண்ணீர் கட்டுவாள், அவளே களை பிடுங்குவாள். சுதாகரன் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின் ஓட்டுகிறவன். உழவு, சூடடிப்பு, மூட்டை ஏற்றி இறக்குவது என்று வருசம் முழுக்க அதன் முதுகில்தான் இருப்பான். சுமித்திரா ஸ்கந்தபுரத்துப் பெண், யாழ்ப்பாணத்திலிருந்து வாய்க்கால் தண்ணீருக்கு வந்து குடியேறிய குடும்பம். சுதாகரனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தாள். முனியின் மீது அவளுக்குப் பயமும் இல்லை, பகையும் இல்லை.

போன மாசியில் அறுவடை நடக்கும்போது சுதாகரன் லாண்ட்மாஸ்டர் பெட்டிக்கு நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றவன், மூட்டையைப் போட்டுவிட்டு வரம்பில் குந்திவிட்டான். நெஞ்சில் கல் வைத்தது மாதிரி இருக்கிறது என்றான். வேர்த்து ஊற்றியது. அவனுடைய சித்தப்பன் சங்கிலி, மாரிமுத்துவின் தம்பி, பக்கத்து வயலிலிருந்து ஓடி வந்து அண்ணன் மகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். அண்ணனையும் பாலனையும் மடியில் போட்டு அழுதவர் அவர்தான். அந்த இடத்திலேயே சூலத்தைப் பார்த்துக் கும்பிட்டு, இவனை விட்டுத் தந்தால் ஆடிப் பூசைக்கு ஒற்றை நிறக் கறுப்புக் கிடாய் வெட்டுவதாக நேர்த்தி வைத்தார். அதற்குள் சுமித்திரா ஓட்டோவைக் கூட்டி வந்துவிட்டாள். அழகம்மா விபூதிப் பொட்டலத்தோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை அழகம்மாவும் சுமித்திராவும் என்னிடம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் சொன்னதில் ஒரு சொல்கூட மாறவில்லை. நெஞ்சுக்கு வயர் பூட்டிப் பார்த்து, ஊசி போட்டு, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் நடக்கப் பார்த்திருக்கிறது என்று சொன்னார்களாம். அடுத்த நாள் இளம் பெண் டொக்டர் ஒருத்தர் வந்தார், பெயர் யதுர்ஷிகா. அவர் ரிப்போட்டைப் பார்ப்பதற்கு முன்னால் சுதாகரனின் முகத்தைத்தான் பார்த்தார். கிட்ட வந்து அவன் இமையை விரலால் தடவிப் பார்த்தார். காலைத் திருப்பச் சொல்லிக் குதிகாலுக்கு மேலே நரம்பைப் பிடித்துப் பார்த்தார். அதுவும் தடித்துத்தான் இருந்தது. கண்ணில் இருப்பது எத்தனை காலமாக என்று கேட்டார். சுதாகரன் படுத்த படுக்கையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னானாம், போன ஆடிக்குப் பிறகு வந்தது, முனி வைத்த மஞ்சள் என்று.

டொக்டர் சிரிக்கவில்லை. வீட்டில் வேறு யாருக்கு இருந்தது என்று கேட்டார். அழகம்மா மாமனாரில் தொடங்கிச் சொன்னாள். டொக்டர் கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, இது முனி வைச்சதில்லை. ரத்தத்தில கொலஸ்ட்ரோல் அளவுக்கு மிஞ்சினா இப்பிடி இமையில வந்து படியும். வெளியில தெரியிற இடத்தில இவ்வளவு எண்டா, நெஞ்சுக்குப் போற குழாய்க்குள்ள எவ்வளவு படிஞ்சிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. இது பரம்பரையா வாறது. சாப்பாட்டால மட்டும் வந்ததில்லை, இவரின்ர ஈரல் அதை அகற்றாமல் விட்டிடுது.”

“அப்ப எம் புருசன்? எம் மூத்த புள்ள?”

“நான் பாக்காத ஆக்களைப் பற்றி நிச்சயமாச் சொல்லேலாது. ஆனா நீங்கள் சொல்லுறதைக் கேட்டா அதாத்தான் இருக்கும்.”

அழகம்மா திரும்பக் கேட்டாள். “அவுக இருந்த காலத்துலயும் இதுக்கு மருந்து குளிசை இருந்துச்சா?”

“ஓம் அம்மா. இருந்தது.”

அதைக் கேட்ட பிறகு தன் கையில் இருந்த விபூதிப் பொட்டலத்தை என்ன செய்தேன் என்று தனக்கே தெரியாது என்றாள் அழகம்மா. எனக்கு இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அவள் முகத்தில் இருந்தது கோபம். இருபது வருசமாக முனியின் காலில் விழுந்து கிடந்தவளுக்கு வருகிற கோபம் சின்னதாக இருக்குமா.

குளிசை தந்தார்கள். நித்திரைக்கு முன் ஒன்று கொலஸ்ட்ரோலுக்கு, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று ரத்தம் கட்டாமல் இருக்க. சுருட்டு வேண்டாம், ஆட்டிறைச்சி வேண்டாம், பொரியல், ரோல்ஸ், தேங்காய்ப்பால் குறையுங்கோ, தினமும் நடவுங்கோ என்றார் டொக்டர். நான் தோட்டக்காரன், எனக்கு என்னத்துக்கு நடை என்று கேட்டிருக்கிறான் சுதாகரன். லாண்ட்மாஸ்டர்தான் நடக்கிறது, நீங்கள் அதுக்கு மேல இருக்கிறீங்கள் என்று டொக்டர் சொன்னாராம்.

அந்தக் கிழமையே என் மில்லுக்கு அந்த வீட்டிலிருந்து வந்த சாமான் மாறிவிட்டது. அரிசிமா குறைந்து குரக்கன் கூடியது. சுமித்திரா குசினியைப் புரட்டிப் போட்டுவிட்டாள். காலையில் குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை. மத்தியானம் குத்தரிசிச் சோறு கொஞ்சம், கீரை நிறைய, பூநகரிப் பக்கத்து மீன் புளி விட்டு அவியல். சொதி மட்டும் தேங்காயின் கடைசிப் பாலில் தண்ணீர் மாதிரி ஓடியது. சுதாகரன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துவிட்டு, “ஆட்டை வேண்டாம் எண்டினம் சரி, ஆடு தின்னுறதை எல்லாம் எனக்கு ஏன் போடுறீர்?” என்று கேட்டது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. சுமித்திரா, தின்னுங்கோ, ஆட்டுக்கு நெஞ்சு வருத்தம் வந்ததாக நான் கேள்விப்படேல்லை என்றாள்.

நடைதான் பெரும்பாடு. எங்கள் ஊரில் ஒருவன் மண்வெட்டியோ கத்தியோ இல்லாமல் வெறும் கையை வீசிக்கொண்டு நடந்தால் ஊர் பொறுக்காது. முதல் நாள் சுதாகரன் கிறவல் ரோட்டில் இறங்கியதும் மோட்டார் சைக்கிளில் போன அப்புத்துரை நிறுத்தி, ஏறு தம்பி என்றார். வேண்டாம் அண்ணை, சும்மா நடக்கிறன் என்றால் அவருக்குக் கோபம். தன் மோட்டார் சைக்கிளில் ஏற மாட்டாயா என்றார். அடுத்து வந்தவன் தவணை கட்டவில்லை என்று லாண்ட்மாஸ்டரை லீசிங்காரன் தூக்கிவிட்டானா என்று கேட்டான். மூன்றாவது ஆள் புருசன் பெண்சாதி சண்டை என்று முடிவே கட்டிவிட்டான். நாய்கள் வேறு. கடைசியில் சுமித்திரா ஒரு வெறும் சாக்கை மடித்து அவன் தோளில் போட்டு அனுப்பினாள். சாக்கோடு போகிறவனை யாரும் மறிக்கவில்லை. அவன் அந்த வெறும் சாக்கைக் குளக்கட்டு வரைக்கும் சுமந்துபோய்ச் சுமந்து வந்தான்.

வைகாசியில் திரும்ப ரத்தம் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. டொக்டர் சந்தோசப்பட்டு, இதை இப்பிடியே வைச்சிருக்க வேணும், குளிசையை நிப்பாட்டக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார். அழகம்மா அன்றைக்கு என் மில்லுக்கு வந்து எல்லோருக்கும் கச்சான் கடலை கொடுத்தாள்.

சங்கிலியும் சந்தோசப்பட்டார். ஆனால் அவருடைய கணக்கு வேறு. தான் நேர்த்தி வைத்தார், முனி இரங்கினார், கொழுப்பு இறங்கியது. இதில் டொக்டர் எங்கே வந்தார். இனி நேர்த்திக் கிடாயை வெட்டி, மஞ்சள் வைத்த பிள்ளையைப் பூசாரியாக இருத்த வேண்டும். பாலன் போன பிறகு இரண்டு வருசமாகப் பூசாரி இல்லாமல் கிடக்கிறது, அந்தக் கோபத்தில்தான் மாசியில் முனி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். முனி காப்பாற்றிய பிறகும் குளிசை போட்டால், உன்னை நம்பவில்லை என்று முனியின் முகத்துக்கு நேரே சொல்வது போல ஆகிவிடும். அவர் கெட்டவர் இல்லை. அண்ணன் பிள்ளையை இழக்கப் பயந்த மனிதர். பயந்த மனிதருக்கு வழி சொல்ல யாரால் முடியும்.

சுதாகரன் அதற்குத் தலையாட்டியதுதான் எனக்கு எரிச்சல். அவனுக்கும் ஒரு கணக்கு இருந்தது. குளிசை போடத் தொடங்கியதிலிருந்து காலுக்குள் குடைகிறது என்றான். அதை டொக்டரிடம் சொல்ல வெட்கம். கிழவன் மாதிரி கால் நோகுது என்று ஒரு பெடிச்சியிடம் எப்படிச் சொல்வது. கூட்டாளிகள் வேறு, வருத்தக்காரன் வந்திட்டான், கதிரையைக் குடுங்கோ என்று பகிடி விட்டார்கள். ஒருநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

“காய்ச்சல் எண்டா பனடோல் போடுறம். காய்ச்சல் விட்டா நிப்பாட்டுறம். கொலஸ்ட்ரோல் இறங்கிட்டுது எல்லோ. பிறகு என்னத்துக்குக் குளிசை?” இது சுதாகரன்.

“இறக்கி வைச்சிருக்கிறதே குளிசைதான். நிப்பாட்டினா ஏறும் எண்டு டொக்டர் உங்களுக்கு முன்னாலதானே சொன்னவா.” இது சுமித்திரா.

“நான் இனிப் போடமாட்டன். ஆடிப் பூசைக்கு நான்தான் இருக்கப்போறன். அப்பாவும் அண்ணாவும் இருந்த இடம்.”

“அவையள் இப்ப எங்க இருக்கினம்?”

அதற்குப் பிறகு ஒரு கோப்பை விழுந்த சத்தம். சுமித்திரா கொஞ்ச நேரத்தில் மில்லுக்கு வந்து, அரைக்க ஒன்றும் கொண்டுவராமல் வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதாள். அழகம்மாவும் பின்னால் வந்தாள். மருமகளின் முதுகைத் தடவினாள். மகனோடு தானும் கதைத்துப் பார்த்ததாகவும், அவன் முனியைக் காட்டிக் காட்டித் தன் வாயை அடைப்பதாகவும் சொன்னாள். ஆடிப் பூசைக்கு என்னென்ன செய்வார்கள் என்று சுமித்திரா கேட்டாள். கிடாய்த் தலையையும், குடலைச் சுற்றின கொழுப்பையும் நெருப்பில் வாட்டி வாழையிலையில் படைப்பார்கள், சாராயம் வைப்பார்கள், மஞ்சள் வைத்தவன் அதை முழுக்கத் தின்று குடிக்க வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது, பெண்கள் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று நான் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது. மஞ்சள் வந்தவனைத் தேடிப் பிடித்துக் கொழுப்பை ஊட்டியிருக்கிறோம் தலைமுறை தலைமுறையாக.

அழகம்மா எழும்பினாள். “குளிசை அட்டைய என்னட்ட குடு புள்ள,” என்று சுமித்திராவிடம் கேட்டாள். அவ்வளவுதான்.

ஆடியில் சோளகக் காற்று புழுதியை வாரி வாரி அடித்தது. பாலை மரம் பழுத்துத் தள்ளியிருந்தது. ஊரில் வேறு எந்தப் பாலை மரத்தடியிலும் ஒரு பழம் மிஞ்சாது. இது முனியின் மரம் என்பதால் பழம் விழுந்து மண்ணோடு கிடந்தது. பூசை உச்சிப்பொழுதில். ஆண்கள் நாங்கள் மரத்தடியில், பெண்கள் வரம்புக்கு அப்பால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. சூலம் பெரிது இல்லை, சாண் நீளம். மலையிலிருந்து வரும்போது மாரிமுத்துவின் தாய் சட்டிபானையோடு கொண்டுவந்தது.

கிடாய் வெட்டியாகிவிட்டது. தலையும் கொழுப்பும் வாட்டிய மணம் காற்றில் வந்தது. பொய் சொல்லக்கூடாது, என் வாயும் ஊறியது. சுதாகரன் குளித்து, ஈரவேட்டியோடு சூலத்துக்கு முன்னால் இருந்தான். சங்கிலி இலையை அவன் முன்னால் வைத்தார். உருகின கொழுப்பு இலையில் ஓடியது. சங்கிலியின் கண் நிறைந்திருந்தது. சுதாகரன் இலையைப் பார்த்தபடி இருந்தான். கை நீளவில்லை. அவனும் யோசிக்கிறான் என்று எனக்கு விளங்கியது. ஆனால் இத்தனை ஆம்பிளைகள் சுற்றி நிற்கும்போது, யோசிக்கிறேன் என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்.

அப்போதுதான் அழகம்மா வரம்பைத் தாண்டினாள். சங்கிலி பதறிப்போய்க் கையை விரித்து மறித்தார்.

“மதினி, வேணாம். பொம்பளைங்க வரக்கூடாத எடம். குத்தமாயிரும்.”

“தள்ளு சங்கிலி. நான் ஒன்னோட பேச வரல.”

அவள் குரல் உயரவில்லை. சங்கிலி தள்ளிவிட்டார். அவள் மகனுக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு சூலத்தைப் பார்த்தாள்.

“முனி, நான் அழகம்மா பேசுறேன். மாரிமுத்து பொண்டாட்டி. ஒனக்கு என்னைய நல்லாத் தெரியும். கடைசிச் சண்டையில மாத்தளன்ல செல்லு விழுந்தப்ப ஒன்னைய மடியில கட்டிக்கிட்டு ஓடுனது நானு. ஆம்பளைங்க எல்லாம் அவுங்க அவுங்க உசுரத் தூக்கிட்டு ஓடுனாங்க. முகாம்ல என் தலமாட்டுல படுத்துக் கெடந்த. அப்பல்லாம் பொம்பள தொட்டா குத்தம்னு நீ ஒரு வார்த்த சொல்லல. இன்னிக்கு மட்டும் என்னா குத்தம்?”

காற்று மட்டும்தான் அடித்துக்கொண்டிருந்தது.

“எம் புருசன நீ அடிச்சேன்னு நம்புனேன். எம் மூத்தவனையும் நீதான்னு நம்புனேன். அடிச்சவன் கால்லயே விழுந்து வருசா வருசம் கெடா வெட்டிப் போட்டேன். டாக்டரம்மா அது நீ இல்லன்னு சொல்லுது. நீ இல்லன்னா சந்தோசம். வயலுக்குக் காவலா இரு, பூப் போடுறேன், பொங்கல் வைக்கிறேன். வைத்தியத்துக்குள்ள வராத. இல்ல, நீதான் அடிச்சேன்னா, இந்தா ஒம் படையல்ல நான் கை வைக்கிறேன். என்னைய அடி. எம் புள்ளைய விடு.”

சொல்லிவிட்டு இலையைத் தன் பக்கம் இழுத்தாள். கொழுப்பைப் பிய்த்து வாயில் போட்டாள். வரம்புக்கு அப்பால் யாரோ ஒரு பெண் ஐயோ என்றாள். அழகம்மா ஆறுதலாக, வயலில் மத்தியானச் சோறு தின்பது போல, ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தின்றாள். தலையை உடைத்து நாக்கை எடுத்தாள். எல்லாம் முடிந்த பிறகு சாராயக் குவளையை எடுத்து மணந்து பார்த்துவிட்டு மண்ணில் ஊற்றினாள். இலையில் ஒரு துண்டு மிச்சம் இல்லை. முறைப்படி மிச்சம் வைக்கவும் கூடாதுதானே.

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குளிசை அட்டையை வெளியே எடுத்தாள். ஒன்றைப் பிதுக்கி மகனின் உள்ளங்கையில் வைத்தாள். கும்பத்துத் தண்ணீரைக் காட்டி, “இந்தத் தண்ணியில போடு. முனியும் பாக்கட்டும்,” என்றாள்.

சுதாகரன் தாயைப் பார்த்தான். அவள் வாயைச் சுற்றிக் கொழுப்பு மினுங்கியது. அவன் உடம்பு குலுங்கத் தொடங்கியது, அழுகிறான் என்று தெரிந்தது. குளிசையை வாயில் போட்டுக் கும்பத்தைத் தூக்கிக் குடித்தான். சங்கிலி தலையில் கைவைத்துக்கொண்டு மண்ணில் குந்திவிட்டார்.

அன்றைக்குப் பிறகு ஊர் அழகம்மாவின் சாவுக்காகக் காத்திருந்தது. ஒருவரும் வாயால் சொல்லவில்லை, ஆனால் காத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். வேண்டுமென்றே உச்சிப்பொழுதில்தான் பாலை மரத்தடி வயலுக்குப் போவாள். ரோட்டால் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி நடு வெயிலில் நின்று வரம்பு செதுக்குவாள். ஒருநாள் முந்தானை நிறையப் பாலைப்பழம் பொறுக்கி வந்து மில் வாங்கில் கொட்டினாள். முனியின் மரத்துப் பழம். மில்லுக்கு வந்திருந்தவர்கள் எட்டி நின்றார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நல்ல இனிப்பு. பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு கனநேரம் விடவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள்.

சுதாகரன் கிளினிக்குக்குப் போய்க் கால் குடைச்சலைச் சொன்னான். இதைச் சொல்லாமல் ஏன் நிப்பாட்டினீங்கள் என்று டொக்டர் ஏசிவிட்டு வேறு குளிசை மாற்றித் தந்தார். குடைச்சல் குறைந்துவிட்டது. அழகம்மா தனக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னாள். அவளுக்கு ஒன்றுமே இல்லை. இந்த மனிசிக்குக் கொழுப்பு வாயில மட்டும்தான் என்று சுதாகரன் சொல்ல, சுமித்திரா சிரித்த சிரிப்பு வேலி தாண்டி வந்தது. அந்த வீட்டிலிருந்து சிரிப்புக் கேட்டு எவ்வளவோ காலம்.

சங்கிலி மட்டும் அந்த வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் விடிய மில்லடிக்கு வந்து, பீடி பற்றவைக்கிற சாட்டில் நின்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். அழகம்மா முற்றம் கூட்டுவது தெரிந்ததும் போய்விடுவார். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கத்தான் வருகிறார் என்பது எனக்கு விளங்கியது. சாகவேண்டும் என்று அல்ல, செத்துவிடுவாளோ என்று. ஆவணி போனது, புரட்டாசி போனது. ஐப்பசி மழையில் விதைப்புத் தொடங்கியது. அழகம்மா மழையில் நனைந்தபடி சங்கிலியின் காணிக்குப் பக்கத்து வரம்பில் நின்று விதைத்தாள். தும்மல்கூட வரவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் சங்கிலி மில்லைத் தாண்டி வேலிக் கடப்புக்குள் நுழைவதைக் கண்டேன். அவருக்குப் பின்னால் அவருடைய மகன் மதுசன், முப்பதைத் தாண்டிய பெடியன், கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டைக்கு வருகிறார்களோ என்று நானும் வேலியடிக்குப் போனேன்.

அழகம்மா குசினி வாசலில் குந்தியிருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், வா என்று சொல்லவில்லை. சங்கிலி முற்றத்தில் நின்றார். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் மகனின் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

மதுசனின் இடது இமையில், மூக்கை ஒட்டி, கடுகளவில் மஞ்சள் இருந்தது.

“எனக்கு வரல மதினி,” என்றார் சங்கிலி. “என்னையத் தாண்டி இவனுக்கு வந்துருச்சி.”

முந்தி என்றால் அந்த வீட்டில் பொங்கல் வைத்து ஊருக்குச் சொல்லியிருப்பார்கள். இப்போது அந்த மனிதர் மகனின் தோளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். மதுசன் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அழகம்மா மடியில் இருந்த இலையைச் சுளகில் கொட்டிவிட்டு எழும்பினாள். மதுசனுக்குக் கிட்டப் போய் அந்த மஞ்சளைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். விரலை எடுக்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவ்வளவுதான் நான் கண்டது. பிறகு அவளுடைய பழைய குரல் வந்துவிட்டது.

“சுமித்திரா, நாளைக்கு விடிய மொத பஸ்சு எத்தன மணிக்கு வருது?”

“அஞ்சரைக்கு மாமி.”

அழகம்மா சங்கிலியின் பக்கம் திரும்பினாள். அவர் வாயில் இருந்த பீடியைப் பிடுங்கி மழைச் சேற்றில் போட்டாள்.

“அப்பனும் மகனும் ரெண்டு பேரும் வாங்க. ரத்தம் பாக்கணும். ராவைக்கு நேரத்தோட தின்னுட்டுப் படுங்க, காலையில தண்ணியத் தவிர ஒண்ணும் வாயில வைக்கக்கூடாது. வெறும் வயித்தோட வரணும்.”